விழுந்த மண்ணின் கடமை

1996 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. மாலை 6.40 மணி. டில்லிக்கு மேற்கே, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே ஒரு மேகம் திடீரென்று ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. டில்லியில் இறங்குவதற்காக வந்துகொண்டிருந்த அமெரிக்க விமானப்படையின் சரக்கு விமானத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்துக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார்கள். அறையின் ரேடார் திரையிலிருந்து இரண்டு விமானங்கள் மறைந்துபோயிருந்தன.

ஒன்று சவூதி அரேபிய விமான நிறுவனத்தின் போயிங் 747. டில்லியிலிருந்து தஹ்ரானுக்குப் புறப்பட்டிருந்தது. அதில் 312 பேர் இருந்தார்கள். அரபு நாட்டு வேலைக்குப் போகிற இந்தியர்களும் நேபாளிகளும் அவர்களில் நிறையப் பேர். மற்றொன்று கஜகஸ்தான் விமான நிறுவனத்தின் இல்யூஷின் 76. சிம்கென்ட் நகரிலிருந்து டில்லிக்கு வந்துகொண்டிருந்தது. அதில் 37 பேர். டில்லிச் சந்தையில் சரக்கெடுக்க வந்த கிர்கிஸ் வியாபாரிகளும் அதில் இருந்தார்கள். இரண்டும் மோதியதில் 349 பேரும் இறந்தார்கள். நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் உலகிலேயே அதிக உயிர்களைப் பறித்தது இதுதான்.

சவூதி விமானத்தின் சிதைவு அன்றைய பிவானி மாவட்டத்து வயல்களில் விழுந்தது. கஜக் விமானம் சில கிலோமீட்டர் தள்ளி, அன்றைய ரோத்தக் மாவட்டத்தின் பிரோஹர் கிராமத்துக் காட்டில் விழுந்தது. அமெரிக்காவில் வடிவமைத்த விமானம் ஒன்று, சோவியத் ஒன்றியத்தில் வடிவமைத்த விமானம் ஒன்று. பதிவு இரண்டு நாடுகளில். இறந்தவர்கள் பல நாட்டினர். இந்தியாவுக்கு உரியது விழுந்த மண்ணும் தரைக் கட்டுப்பாட்டு அறையும்தான். அப்படியானால் விசாரிக்கும் உரிமை யாருக்கு?

இந்தக் கேள்வி நம் கரிசல் காட்டுக்கும் உரியது. கொழும்பிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பறக்கும் விமானங்கள் தென்தமிழகத்தின் வானத்தைக் கடந்துதான் போகின்றன. இலங்கையில் பதிவான விமானத்தின் உடலில் 4ஆர் என்றும், கத்தார் விமானத்தில் ஏ7 என்றும், ஐக்கிய அரபு அமீரக விமானத்தில் ஏ6 என்றும் எழுதியிருக்கும். இந்தியப் பதிவென்றால் விடி. கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையில் மானாவாரிப் பருத்திக்குக் களையெடுத்துக்கொண்டிருப்பவரின் தலைக்குப் பத்துக் கிலோமீட்டர் மேலே வேறொரு நாட்டின் பதிவெண் போய்க்கொண்டிருக்கிறது. அது பத்திரமாகப் போய்ச் சேர்கிறது என்றால், முன்னால் விழுந்த ஒவ்வொரு விமானத்தையும் யாரோ ஒருவர் பொறுமையாக விசாரித்ததும் அதற்கு ஒரு காரணம்.

விமானத்துக்கும் குடியுரிமை உண்டு

இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, 1944 டிசம்பர் 7 அன்று, சிகாகோ நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. உலகின் பயணிகள் விமானப் போக்குவரத்து இன்றும் அதன்படிதான் நடக்கிறது. அதன் 17ஆவது பிரிவு, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் குடியுரிமை அதற்கு உண்டு என்கிறது. அடுத்த பிரிவின்படி ஒரே விமானம் ஒரே காலத்தில் இரண்டு நாடுகளில் பதிவாகியிருக்க முடியாது.

26ஆவது பிரிவு நம் கேள்விக்கு விடை சொல்கிறது. ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டின் எல்லைக்குள் விபத்துக்கு உள்ளானால், விபத்து நடந்த நாடே விசாரணை நடத்த வேண்டும். பதிவு செய்த நாடு தன் பார்வையாளர்களை அனுப்பலாம். அறிக்கையும் முடிவுகளும் அதற்குத் தரப்பட வேண்டும்.

இதை விரித்துச் சொல்வது அந்த உடன்படிக்கையின் 13ஆவது இணைப்பு. 1951இல் முதன்முதலாக ஏற்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்டது. விபத்து நடந்த நாடு, பதிவு செய்த நாடு, இயக்கும் நிறுவனத்தின் நாடு, வடிவமைத்த நாடு, தயாரித்த நாடு என்று ஐந்து நாடுகளை அது அடையாளம் காண்கிறது. முதல் நாடு தலைமை தாங்கும். மற்ற நான்கும் தலைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம், அவர் துணைக்கு வல்லுநர்களை அழைத்து வரலாம். அந்தப் பிரதிநிதி விபத்து இடத்தைப் பார்க்கலாம், சிதைவுகளைப் பரிசோதிக்கலாம், சாட்சிகளிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லலாம், பதிவுக் கருவிகளைப் படிக்கும்போது உடனிருக்கலாம். குடிமக்களைப் பறிகொடுத்த நாடும் ஒரு வல்லுநரை அனுப்பலாம்.

முப்பது நாளுக்குள் முதற்கட்ட அறிக்கை, கூடுமானால் ஓராண்டுக்குள் இறுதி அறிக்கை என்று காலமும் வகுத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நடக்காமல் தடுப்பது, யார் மீதும் குற்றமோ பொறுப்போ சுமத்துவது அன்று என்று அந்த இணைப்பு தெளிவாகச் சொல்கிறது. குற்றத்தை நீதிமன்றம் தனியாகப் பார்த்துக்கொள்ளும். தண்டனைக்குப் பயந்தவர் வாய் திறக்க மாட்டார், வாய் திறக்காவிட்டால் அடுத்த விபத்தைத் தடுக்க முடியாது. அந்த விதிக்குப் பின்னால் இருக்கிற நியாயம் இதுதான்.

எண்ணுக்குப் பொருள் யாரிடம் இருக்கிறது

சர்க்கி தாத்ரி விபத்தை விசாரிக்க, அப்போது டில்லி உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆர்.சி. லகோட்டி தலைமையில் இந்திய அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனவர் அவர். ஆனால் ஆணையத்தின் முக்கியமான சாட்சிகளான கருப்புப் பெட்டிகள் டில்லியில் படிக்கப்படவில்லை. ஒரு விமானத்தின் பெட்டிகள் மாஸ்கோவிலும், மற்றதன் பெட்டிகள் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் படிக்கப்பட்டன. ஏன் என்று தெரிந்துகொள்ள அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கருப்புப் பெட்டி என்று பெயரே தவிர, நிறம் பளிச்சென்ற ஆரஞ்சு. பெரிய பயணிகள் விமானம் ஒவ்வொன்றிலும் இரண்டு வேலைகளுக்கான பதிவிகள் உண்டு. ஒன்று விமானி அறையின் பேச்சையும் ஓசையையும் பதிவது. மற்றொன்று உயரம், வேகம், திசை, எஞ்சின் நிலை, இறக்கைப் பலகைகளின் கோணம் என்று பறப்பின் தரவுகளைப் பதிவது. இன்றைய பெட்டியின் நினைவகம் புவியீர்ப்பைப் போல 3,400 மடங்கு அதிர்ச்சியையும், 1,100 டிகிரி செல்சியஸ் நெருப்பில் ஒரு மணி நேரத்தையும் தாங்க வேண்டும் என்பது நிபந்தனை.

தரவுப் பதிவியில் இருப்பவை வெறும் எண்கள். பழைய அமைப்பொன்றில் ஒரு நொடிக்கு 64 எண்கள் வரிசையாகப் பதிவாகும். ஒவ்வொரு எண்ணும் பூஜ்யத்திலிருந்து 4095 வரை இருக்கலாம். அந்த வரிசையில் பத்தாவது இடத்தில் 2048 என்று இருந்தால் அது உயரமா, எஞ்சின் வெப்பமா, சுக்கானின் கோணமா? வரிசையின் எந்த இடம் எதற்கு உரியது, அந்த எண்ணை எதனால் பெருக்கி எதைக் கூட்டினால் உண்மையான அளவு வரும் என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. விமான வகைக்கு விமான வகை அது மாறும். ஒரே வகையில்கூட நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். அந்த அட்டவணை விமானத்தைத் தயாரித்தவரிடமும் இயக்கியவரிடமும்தான் இருக்கும்.

ஆகவே வெளிநாட்டுப் பிரதிநிதிக்கு இடம் கொடுப்பதை மரியாதை என்று மட்டும் எண்ணக் கூடாது. அவர் வராவிட்டால் கையில் எண்கள் இருக்கும், பொருள் இருக்காது. சிதைவு ஒரு நாட்டின் மண்ணில் கிடக்கிறது, அதைப் படிக்கும் அறிவு இன்னொரு நாட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் 13ஆவது இணைப்பின் வேலை.

அடுத்த சிக்கல் நேரம். கட்டுப்பாட்டு அறையின் ஒலிநாடா ஒரு கடிகாரத்தில் ஓடும். ஒவ்வொரு விமானத்தின் பதிவியும் தன் சொந்தக் கணக்கில் ஓடும். நொடி பிசகினால் யார் சொல்லி யார் என்ன செய்தார் என்ற வரிசையே குலைந்துபோகும். இதற்கு வானொலிப் பேச்சு கைகொடுக்கிறது. ஒரே அலைவரிசையில் இருக்கும் எல்லா விமானங்களிலும் ஒரே பேச்சு கேட்கும், பதிவாகும். விமானி பேசுவதற்காகப் பொத்தானை அழுத்திய நொடி தரவுப் பதிவியிலும் குறியாக விழும். இந்தக் குறிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் எல்லாக் கடிகாரங்களும் ஒரே நேரம் காட்டும்.

முந்நூறு மீட்டர் இடைவெளி

அப்படிப் பொருத்திப் பார்த்ததில் அந்த மாலையின் கதை தெரிந்தது. டில்லிக்கு வரும் விமானங்களும் போகும் விமானங்களும் அப்போது ஒரே வான்பாதையைப் பயன்படுத்தின. சுற்றியிருந்த வானத்தின் பெரும்பகுதி விமானப்படையின் வசம் இருந்தது. எதிரெதிரே வருகிறவற்றை உயரத்தால்தான் பிரிக்க வேண்டும். இறங்கி வந்த கஜக் விமானத்துக்கு 15,000 அடி ஒதுக்கப்பட்டது. ஏறிப் போன சவூதி விமானத்துக்கு 14,000 அடி. இடைவெளி ஆயிரம் அடி, சுமார் 305 மீட்டர். எதிரே ஜம்போ, அதாவது போயிங் 747, வருகிறது என்று கஜக் விமானத்துக்குத் தூரத்தோடு எச்சரிக்கையும் சொல்லப்பட்டது.

கஜக் விமானம் 15,000 அடியில் நிற்கிறது என்று கட்டுப்பாட்டு அறை நம்பியது. உண்மையில் அது அந்த உயரத்தைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. டில்லியில் அன்று இயங்கிய ரேடார் ஒரு விமானம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும், உயரத்தைக் காட்டாது. விமானியின் வாய்ச்சொல்லைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அந்த வாய்ச்சொல்லும் சுற்றி வந்தது. கஜக் விமானத்தில் தரையோடு பேசும் வேலை வானொலி இயக்குநருடையது. அவர் முன்னால் உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டி அவர்கள் கருவியைப் பார்க்க வேண்டும். சோவியத் வழக்கத்தில் உயரத்தை மீட்டரில் கணக்கிட்டுப் பழகியவர்களுக்கு டில்லி அடியில் உத்தரவு தந்தது. விமானம் தவறான உயரத்தில் இருப்பதை உணர்ந்து வானொலி இயக்குநர் மேலே ஏறச் சொன்னார். விமானம் ஏறத் தொடங்கியது. சவூதி விமானம் அதற்கு நேர் மேலே வந்துகொண்டிருந்தது. இல்யூஷினின் வால் ஜம்போவின் இடது இறக்கையை அறுத்தது. அந்தக் கடைசி ஏற்றம் இல்லாதிருந்தால் இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கடந்து போயிருக்கக்கூடும்.

1997 ஜூலையில் லகோட்டி ஆணையம் அறிக்கை தந்தது. கட்டுப்பாட்டு அறையின் உத்தரவைக் கஜக் விமானிகள் கடைப்பிடிக்காததே விபத்துக்குக் காரணம் என்றது. ஆனால் விசாரணையின் பயன் அந்த ஒரு வாக்கியத்தோடு முடியவில்லை. வரும் பாதையும் போகும் பாதையும் பிரிக்கப்பட்டன. உயரத்தையும் கேட்டுக் காட்டும் இரண்டாம் நிலை ரேடார் வந்தது. எதிரே வரும் விமானத்தைத் தானே கண்டுபிடித்து, ஒரு விமானியை ஏறு என்றும் மற்றவரை இறங்கு என்றும் சொல்லும் மோதல் தவிர்ப்புக் கருவி அந்த இரண்டு விமானங்களிலும் இல்லை. இந்திய வானத்துக்குள் வரும் பயணிகள் விமானங்களுக்கு அதை இந்தியா கட்டாயமாக்கியது. 2003 ஜனவரியிலிருந்து பெரிய விமானங்களுக்கு உலகம் முழுக்க அது கட்டாயமானது. தரையோடு பேசும் ஆங்கிலத்துக்கு உலக அளவில் தகுதித் தேர்வு வந்ததற்கும் இந்த விபத்து ஒரு காரணம்.

இன்று நம் தலைக்கு மேலே போகிற பெரிய அயல்நாட்டுப் பயணிகள் விமானம் ஒவ்வொன்றிலும் அந்தக் கருவி இருக்கிறது. ஹரியானா வயலில் கற்ற பாடம் அது.

கரிசல் சொல்லும் சாட்சி

பதிவுக் கருவிகள் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மிச்சத்தை மண் சொல்லும். விழுந்த இடத்தில் புலனாய்வாளர் முதலில் தேடுவது விமானத்தின் நான்கு முனைகளை: மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள். நான்கும் அருகருகே கிடந்தால் விமானம் முழுதாகத் தரைக்கு வந்திருக்கிறது. ஒன்று பல கிலோமீட்டருக்கு அப்பால் கிடந்தால் வானத்திலேயே உடைந்திருக்கிறது. மண்ணில் பதிந்த வடுவின் நீளமும் ஆழமும் விமானம் எந்தக் கோணத்தில் இறங்கியது என்று காட்டும். எஞ்சின் விசிறித் தகடுகள் சுழலும் திசைக்கு எதிராக வளைந்திருந்தால் மோதும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் நுணுக்கமான சாட்சி எச்சரிக்கை விளக்கின் சின்னஞ்சிறு பல்புக்குள் இருக்கும். பழைய விமானங்களின் கருவிப் பலகையில் இழை பல்புகள்தான். எரியும் பல்பின் டங்ஸ்டன் இழை சூட்டில் இளகியிருக்கும், மோதலின் அதிர்ச்சியில் சுருள் நீண்டுவிடும். எரியாத பல்பின் இழை குளிர்ந்து விறைத்திருக்கும், அது நீளாது, முறிந்துவிடும். ஆக, விமானம் விழுந்த நொடியில் எந்த எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பதை உருப்பெருக்கியின் கீழே வைத்த ஒரு மயிரிழைக் கம்பி சொல்லிவிடும்.

கரிசலில் இந்த வேலை எப்படி இருக்கும்? எங்கள் மண்ணின் களிமத்தில் மாண்ட்மோரிலோனைட் என்ற கனிமம் நிறைய இருக்கிறது. அதன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். சித்திரை வைகாசியில் கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துப் பிஞ்சைகளில் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு விட்டிருக்கும். அந்த வெடிப்புக்குள் ஒரு பல்போ திருகாணியோ விழுந்தால் மேலே தேடுகிறவர் கண்ணில் படாது. ஒரு கோடை மழை பெய்தால் மண் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும், பொருள் உள்ளேயே புதைந்துவிடும். ஆகவே கோடையில் விபத்து நடந்தால் மழைக்கு முன்னால் ஒவ்வொரு வெடிப்பையும் அளந்து, தோண்டி, சலித்தாக வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் நிலைமை வேறு. ஈரக் கரிசலில் மோதலின் அச்சு தெளிவாகப் பதியும், இறக்கையின் விளிம்பு போன இடம்கூடத் தெரியும். ஆனால் கனமான எஞ்சின் ஆழமாக இறங்கிவிடும், கால் வைத்தால் முழங்கால்வரை சேறு ஒட்டும், கிரேன் வண்டி காட்டுக்குள் நுழைய முடியாது. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பச்சையாக நிற்கும் காட்டில் சிதறிய துண்டுகளை நடந்துதான் பொறுக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. விமானத்தில் குண்டு வெடித்ததா என்ற சந்தேகம் வந்தால், சிதைவின்மேல் ஒட்டியிருக்கும் வேதிப்பொருளை ஆய்வுக்கு எடுப்பார்கள். கோவில்பட்டியும் சாத்தூரும் சிவகாசியும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பேர்போன ஊர்கள். தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் உண்டு. தீப்பெட்டி ஆபீஸ் ஓரத்து மண்ணில் கிடந்த ஒரு துண்டில் குளோரேட் தென்பட்டால் அது விமானத்திலிருந்து வந்ததா, மண்ணிலிருந்து ஒட்டியதா? அதனால் சிதைவு விழாத பக்கத்து நிலத்து மண்ணையும் ஒப்பீட்டுக்காக எடுத்துச் சோதிக்க வேண்டும். வாஷிங்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வருகிற வல்லுநருக்கு இது தானாகத் தெரியாது. உள்ளூர்க்காரர் சொன்னால்தான் தெரியும். விழுந்த நாட்டிடம் தலைமையை ஒப்படைத்ததில் இருக்கிற அறிவு இங்கே விளங்கும்: அந்த மண்ணை அறிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஏழு கன்னியர் மலை

விழுந்த நாடே விசாரிக்கும் முறைக்குத் தமிழர்கள் வாழும் மண்ணிலேயே ஒரு பெருந்துயரச் சான்று உண்டு. 1974 டிசம்பர் 4 இரவு, இலங்கையின் மஸ்கெலியாவுக்கும் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் அருகே ஏழு கன்னியர் மலையில் ஒரு டிசி-8 விமானம் மோதியது. இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரைக்காக ஜித்தா போகும் வழியில், கொழும்பில் இறங்கவிருந்த விமானம். 182 யாத்திரிகர்கள், 9 பணியாளர்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், லயங்களில் மலையகத் தமிழர்கள்.

விமானம் நெதர்லாந்தின் மார்ட்டின் ஏர் நிறுவனத்துடையது, பதிவும் நெதர்லாந்தில். இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காகப் பறந்தது. வடிவமைப்பு அமெரிக்காவில். விழுந்தது இலங்கையில். நான்கு நாடுகள் ஒரு மலைச்சரிவில் சந்தித்தன, விசாரணை இலங்கையின் பொறுப்பானது.

விமானம் எங்கே இருக்கிறது என்று விமானிகள் தவறாகக் கணித்ததே காரணம் என்று விசாரணை கண்டது. விமானத்திலிருந்த டாப்ளர் கருவி தரையிலிருந்து திரும்பி வரும் ரேடியோ அலையின் மாற்றத்தைக் கொண்டு வேகத்தையும் விலகலையும் அளக்கும். புறப்பட்ட இடத்திலிருந்து கூட்டிக் கூட்டித்தான் இப்போதைய இடத்தைச் சொல்லும், ஆகவே சிறு பிழையும் தூரத்தோடு வளரும். வானிலை ரேடாரின் திரையையும் தவறாகப் பொருள்கொள்ள வாய்ப்புண்டு. இந்த இரண்டையும் சார்ந்திருந்தது தவறான கணிப்புக்கு இடம் கொடுத்தது என்றது அறிக்கை. விமான நிலையம் நெருங்கிவிட்டது என்ற எண்ணத்தில் உயரத்தைக் குறைத்தார்கள், கீழே இருந்தது மத்திய மலைநாடு.

அதற்கு மூன்று நாள் முன்னால், டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு போயிங் 727 இதேபோல மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து, தரை நெருங்கினால் உரக்க எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது. நல்ல விமானம் விமானி அறியாமலே மலையில் மோதும் விபத்துகளை அந்தக் கருவி வெகுவாகக் குறைத்தது.

மண்ணே இல்லாத இடத்தில்

விமானம் எந்த நாட்டு எல்லைக்கும் வெளியே கடலில் விழுந்தால்? அப்போது பதிவு செய்த நாடு தலைமை ஏற்கிறது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக் கடலுக்கு மேலே சிதறியபோது 329 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கனடாவின் குடிமக்கள். ஆனால் விமானத்தின் பதிவு இந்தியாவில். ஆகவே நீதிபதி பி.என். கிர்பால் தலைமையில் இந்தியா விசாரித்தது. சுமார் இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கருப்புப் பெட்டிகளை இயந்திர நீர்மூழ்கி எடுத்து வந்தது. குண்டுவெடிப்பே காரணம் என்று ஆணையம் முடிவு சொன்னது.

தலைமையை இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்கவும் விதி இடம் தருகிறது. 2014 ஜூலை 17 அன்று உக்ரைனின் கிழக்கில் மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தபோது, விழுந்த இடம் போர்க்களமாக இருந்தது. இறந்தவர்களில் மிகுதியானோர் நெதர்லாந்துக்காரர்கள். உக்ரைன் விசாரணையை அந்த நாட்டிடம் ஒப்படைத்தது.

கருத்து வேறுபட்டால்

நாடுகள் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 1972 ஜூன் 14 அன்று பாங்காக்கிலிருந்து வந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 டில்லி விமான நிலையத்தை நெருங்கும்போது யமுனைக் கரையில் விழுந்தது. விமானத்திலிருந்த 87 பேரில் 82 பேர் இறந்தார்கள். ஓடுபாதை கண்ணில் படாமலே விமானிகள் கீழே இறங்கியது தவறு என்றது இந்திய விசாரணை. தரையிலிருந்து வந்த சறுக்குப்பாதை அலையே தவறாக வழிகாட்டியது என்றது ஜப்பான் தரப்பு. சறுக்குப்பாதை என்பது ஏறக்குறைய மூன்று டிகிரி சரிவில் தரையிலிருந்து வீசப்படும் ரேடியோ கற்றை, மங்கலான வானிலையில் விமானத்தை ஓடுபாதைவரை அழைத்து வருவது. அந்தக் கருவி இந்தியாவுடையது, விமானிகள் ஜப்பானியர்கள்.

விசாரிக்கிறவருக்கே விபத்தில் ஒரு பங்கு இருக்கும்போது நேர்மை எப்படி உறுதியாகும்? இப்போதைய விதி இதற்கு வழி செய்திருக்கிறது. வரைவு அறிக்கையைத் தொடர்புடைய நாடுகளுக்கு அனுப்ப வேண்டும். அவர்களுக்குக் கருத்துச் சொல்ல அறுபது நாள் உண்டு. கருத்தை ஏற்றால் அறிக்கையைத் திருத்த வேண்டும், ஏற்காவிட்டால் அவர்கள் விரும்பும்போது அதை அறிக்கையோடு இணைத்து வெளியிட வேண்டும். மறுப்பும் ஆவணமாகிறது. பிற்காலத்து மாணவர் இரண்டையும் படித்துத் தானே எடைபோடலாம். அறிவியல் வளர்கிற முறையும் இதுதான்.

இந்தியாவும் இதில் முன்னேறியிருக்கிறது. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் துறையே அதன் விபத்தையும் விசாரிப்பது சரியல்ல என்பதால், 2012இல் புதிய விதிகளின்படி விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு தனி அமைப்பாக இயங்கத் தொடங்கியது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்த பிறகு, கருப்புப் பெட்டியின் தரவுகள் டில்லியில் உள்ள அந்தப் பிரிவின் ஆய்வகத்திலேயே எடுக்கப்பட்டன. முப்பதாம் நாளில் முதற்கட்ட அறிக்கையும் வெளிவந்தது. மாஸ்கோவுக்கும் ஃபார்ன்பரோவுக்கும் பெட்டியை அனுப்பிய நாடு இன்று தன் மண்ணிலேயே அதைத் திறக்கிறது. வடிவமைத்த நாடான அமெரிக்காவின் புலனாய்வாளர்களும் பிரிட்டனின் புலனாய்வாளர்களும் உடனிருந்தார்கள், அதுதான் முறை.

இன்னும் செய்ய வேண்டியது இருக்கிறது. இறுதி அறிக்கைகள் ஆங்கிலத்தில், தொழில்நுட்ப நடையில் வருகின்றன. உறவைப் பறிகொடுத்த குடும்பமும், வயலில் சிதைவு விழுந்த விவசாயியும் படித்தறிய, அவர்கள் மொழியில் சுருக்கம் ஒன்றாவது வர வேண்டும். தமிழ்நாட்டில் விழுந்தால் தமிழில் வர வேண்டும். மண்ணின் பெயரால் நடக்கிற விசாரணை மண்ணின் மக்களுக்கு விளங்க வேண்டும் என்று கேட்பது நியாயம்.

நமக்கும் கடமை உண்டு. நம் காட்டில், ஓடையில், கண்மாயில் எப்போதாவது ஒரு விமானத்தின் துண்டு விழுந்தால், முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். உயிரைக் காப்பாற்ற எதை அகற்ற வேண்டுமானாலும் அகற்றலாம், சட்டமும் அதை அனுமதிக்கிறது. அதற்கு மேல் எதையும் தொடாதீர்கள், பொறுக்காதீர்கள், ஞாபகத்துக்கென்று ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பார்த்தது என்ன, கேட்டது என்ன, எந்தத் திசை, எந்த நேரம் என்று குறித்து வைத்துக் காவல்துறையிடம் சொல்லுங்கள். நீங்கள் தொடாமல் விட்ட ஒரு துண்டு, எங்கோ ஒரு நாட்டில் பதிவான விமானத்தில் ஏறப்போகும் முகம் தெரியாத ஒருவரைக் காப்பாற்றக்கூடும்.